விறைக்காத துணி

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதா படம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அந்த ஆணியில் எப்போதும் வெள்ளைத் துணிகள் தொங்கும். பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து நான் ஓரம் தைத்தவை. வேலை முடிந்து வரும் ஆண்கள் செருப்பைக் கழற்றியதும் ஒரு துணியை எடுத்து மூக்கைச் சிந்தி, என் மாமனாரிடம் விரித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் காபி.

மாமனார் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். கூட இறங்கியவர்கள் கல்தூசி நெஞ்சில் இறுகி ஒவ்வொருவராக மூச்சு முட்டிச் செத்ததைப் பார்த்தவர். சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்ததாம். கறுப்பாக வந்தால் தூசி, பயமில்லை. மஞ்சளாகிக் கெட்டிப்பட்டால் சளி முற்றுகிறது. பச்சையானால் பழுத்துவிட்டது, கஷாயம் வைக்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் அந்த ஆள் மறுநாள் வேலைக்குப் போகக் கூடாது. தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தால் மூக்கு தன்னைக் கழுவிக்கொண்டது, ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கலாம்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அந்தத் துணி வாசலைத் தாண்டக் கூடாது. "வீட்டுச் சளி வீட்டோட" என்பார்.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அபார்ட்மெண்ட் கட்டுகிற இடங்களில் டைல்ஸ், கிரானைட் அறுக்கிற வேலை செய்கிறார்கள். மூடிய அறைக்குள் தண்ணீர் விடாமல் மெஷினை ஓட்டினால் புகைமாதிரித் தூசி எழும். இருவர் துணியிலும் சுவருக்குப் பூசும் புட்டி மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். போன வெயில் காலத்தில் கொழுந்தன் துணியில் மட்டும் சிவப்புக் கோடுகள் வர ஆரம்பித்தன. மாமனார் வேலைக்குப் போகாதே என்றார். "வெயிலுக்கு மூக்கு காஞ்சு போச்சுப்பா, விடு" என்று சிரித்துவிட்டு அவன் போய்க்கொண்டே இருந்தான். குடியும் சேர்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் தம்பியின் துணியைக் கவரில் போட்டு எடுத்துப்போய் மேஸ்திரியிடம் விரித்துக் காட்டிவிட்டார். மேஸ்திரி தம்பியை மெஷின் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் கறி கழுவிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"எங்க அவன்?"

என் வீட்டுக்காரர் பனியனோடு எழுந்து வந்தார்.

"என் மூக்குத் துணிய சைட்டுக்கு எடுத்துட்டுப் போனியா? எல்லார் முன்னாடியும் விரிச்சுக் காட்டுனியா? 'டீபி வந்துட்டான், தள்ளி நில்லு'ங்கறானுங்கடா. தண்ணி பாட்டில்கூடத் தரமாட்டேங்கறானுங்க!"

"ரத்தம் வருதுடா. செத்துப் போயிடுவ."

"செத்தா நான் சாவறேன். உனக்கென்ன?"

"தூக்கிட்டுப் போறது நான்தானடா. கனமா வேற இருக்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். அன்று அண்ணன் முகத்தில் காறித் துப்பினான். இவர் அறைந்தார். அவன் இவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஆணி பிடுங்கிக்கொண்டு துணிகளெல்லாம் தரையில் விழுந்தன. இவர் முழங்காலால் அவன் வயிற்றில் இடித்தார். மாமனார் இரண்டு பேருக்கும் நடுவே போய் விழுந்து எழுந்தார். கதவு மூலையில் மட்டம் பார்க்கிற அலுமினியக் கோல் சாத்தியிருந்தது. கொழுந்தன் அதை இரண்டு கையாலும் எடுத்து அண்ணனின் புருவங்களுக்கு நடுவில் இறக்கினான். அம்மியில் இஞ்சி நசுங்குகிற சத்தம் கேட்டது. என் கையிலிருந்த கறிச்சட்டி நழுவியது. தரையில் எது ஆட்டு ரத்தம், எது அவர் ரத்தம் என்று தெரியவில்லை.

கொழுந்தன் ஓடிப்போனான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம் என்றேன். மாமனார் என் காலைப் பிடிக்காத குறை. "அடிதடின்னா போலீஸ்ல எழுதுவாங்கம்மா. சின்னவன் உள்ள போயிடுவான். எனக்கு ரெண்டும் புள்ளதாம்மா." இவரும் வேண்டாமென்று கையாட்டினார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் கோல் சரிந்து விழுந்தது என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டு வந்தோம். மறுநாள் அவருடைய இரண்டு கண்ணைச் சுற்றியும் மை பூசினமாதிரி கறுத்துவிட்டது.

மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைச் சிந்தவைத்தார். முதலில் கறுப்பாக உறைந்த ரத்தம் வந்தது. பிறகு பழுப்பு. ஒரு சாயங்காலம் நாங்கள் ஜெபமாலை சொல்லும்போது இவர் முழந்தாளிட்டுத் தலை குனிந்தார். வலது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. கண்ணாடிமாதிரித் தெளிவு.

மாமனார் பாதி ஜெபத்தில் எழுந்துவிட்டார். "கழுவிடுச்சு! மாதா கழுவி விட்டுட்டாங்க! சிந்துடா, மிச்சமும் வரட்டும். நல்லா அழுத்திச் சிந்து!"

நானும் அழுதுகொண்டே மெழுகுவர்த்தி ஏற்றினேன். இவர் மட்டும், "தொண்டையில உப்புத் தண்ணியா எறங்குது. எழுந்தா தலை பொளக்குது" என்றார். அடிபட்ட தலை வலிக்கத்தானே செய்யும் என்றோம்.

துணி துவைக்கிறவள் நான். மூக்குச் சிந்திய துணி காய்ந்தால் அப்பளம்மாதிரி விறைத்துப்போகும். ஊறவைக்காமல் துவைக்க முடியாது. இவர் துணிகள் காய்ந்தும் விறைக்கவில்லை. சும்மா தண்ணீரில் நனைத்து உலர்த்தியதுபோலத் துவண்டு கிடந்தன. மாமனாரிடம் காட்டினேன்.

"சுத்தமான தண்ணிக்கு எதும்மா கஞ்சி?" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் மறுநாள் மத்தியானம் இவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அடுப்புக் கட்டை மாதிரிக் காய்ச்சல். ஜன்னல் வெளிச்சத்துக்கே கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார். தலையைத் தூக்கப்போனால் கழுத்து மடங்கவில்லை, பலகையாக வந்தது. ஆளை இழந்துவிடுவேன் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்டோவைக் கூப்பிட்டேன். மாமனார் வாசலில் கைத்தடியைக் குறுக்கே பிடித்து நின்றார்.

"ஜுரத்துக்கு இங்கயே ஊசி போட்டுக்கலாம். அங்க போனா எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாங்க."

"நகருங்க மாமா."

"மூக்கு சுத்தமாயிடுச்சும்மா, நான் பாத்தேன்ல!"

"நகருங்க!"

தடி என் தோளில் விழுந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதர். நான் இரண்டு கையாலும் அவர் நெஞ்சைத் தள்ளினேன். நிலைப்படியில் விழுந்து உட்கார்ந்தார். அவரைத் தாண்டிப் புருஷனை இழுத்துக்கொண்டு போனேன். இதை நான் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. ஆண்டவர் அங்கேதான் இருந்தார், பார்த்திருப்பார்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் இவர் மூக்கைப் பார்த்தார். "எஷ்டு தின ஆய்த்தும்மா?" என்று கன்னடத்தில் எத்தனை நாளென்று கேட்டார். கிளம்பும்போது பையில் திணித்து வந்த துணிகளைக் கொடுத்தேன். விறைப்பே வரவில்லை என்று சொன்னதும் நிமிர்ந்தார்.

"இது சளி இல்லம்மா. மூளையச் சுத்தி இருக்கற தண்ணி. அடிபட்டதுல மண்டையோட்டு எலும்பு விரிசல் விட்டு மூக்கு வழியா ஒழுகுது. சிந்த வச்சீங்களா?"

"தெனமும்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அந்த ஓட்டை வழியா கிருமி மேல ஏறிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆள் இல்ல."

எப்படி அடிபட்டது என்று கேட்டார். தம்பி அடித்தான் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மருந்து ஏற்றி, காய்ச்சல் அடங்கியபின் மூக்கு வழியாகவே ஓட்டையை அடைத்தார்கள். காத்திருந்த நாட்களில் அந்த டாக்டரிடம்தான் மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பச்சையும் மஞ்சளும் பழுப்பதால் வருவதில்லையாம். கிருமியோடு சண்டை போட்டுச் செத்த நம் உடம்பு அணுக்களின் நிறமாம். நிறத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாது. கல்தூசி நெஞ்சில் ஏறுவதை மூக்கு காட்டவே காட்டாது, அதற்கு நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும் என்றார். ஆனால் தலையில் அடிபட்டபின் ஒரு மூக்கில் தெளிந்த தண்ணீர் வந்தால் அப்போதே ஓடி வர வேண்டுமாம். எங்கள் வீட்டில் எது நல்ல சேதியோ அதுதான் சாவாக வந்திருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த பிறகு சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், அடக்கினால் அடைத்தது பிய்த்துக்கொள்ளும் என்று எச்சரித்தார்கள்.

வார்டுக்கு வெளியே ஒரே சத்தம். மாமனார் எங்கிருந்தோ கொழுந்தனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். தடியால் முதுகிலும் முகத்திலும் மாறி மாறி அடித்தார். "எலும்ப ஒடச்சியேடா! நான் சிந்த வச்சேனேடா!" அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கு உடைந்து ரத்தம் வாயில் வழிந்தது. செக்யூரிட்டி இரண்டு பேர் வந்துதான் பிரித்தார்கள்.

மாமனார் மூச்சு வாங்கக் கட்டிலருகே வந்தார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு மூக்கு நுனி சுருங்கியது. தும்மல். அடக்கப் பார்த்தார். அவர் கை தன்னால் மூக்கைப் பிடிக்கப் போனது.

"சிந்தாதடா! வாயத் தொற! தொறடா!"

மாமனார் போட்ட கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. இவர் வாயைப் பிளந்து தும்மினார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். மாமனார் குனிந்து மகன் மூக்கின் கீழ் விரலை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"காஞ்சிருக்கு" என்றார்.

கொழுந்தன் வார்டு வாசலைத் தாண்டவில்லை. போலீஸ் வருவதற்காக அங்கேயே நின்றான்.

"அண்ணி, தண்ணி வருதா?"

"வரல."

அவன் முகமெல்லாம் ரத்தம். என் பையில் ஒரு வெள்ளைத் துணி மிச்சமிருந்தது. எடுத்து அவன் மேல் எறிந்தேன்.

"தொடச்சுக்க. தொடச்சுட்டு யார்கிட்டயும் விரிக்காத. கீழ போயி நெஞ்சுக்குப் படம் எடு."