சுப்பம்மா தைத்த இறக்கை

இலங்கையின் பெல்மதுளை கடைவீதியில் தையல்கடை வைத்திருந்த சுப்பம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடக் கவுனோ காற்சட்டையோ, எதைத் தைத்தாலும் ஒரு விரல் கூட விட்டுத்தான் தைப்பாள். "வளர்ற புள்ளைக்கு யாராச்சும் அளவா தைப்பாங்களா?" என்பாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரே சீருடை மூன்று வருடம் உழைக்க வேண்டுமே!

2003இல், சண்டை ஓய்ந்திருந்த நேரம், ஓய்வுபெற்ற தோட்டத்துரை விக்ரமரத்ன ஒரு சுருள் லினன் துணியோடு அவளிடம் வந்தார். இளமையில் விமானம் ஓட்டிய மனிதர். அவருடைய பழைய றப்பர் ஸ்டோரில் ஒரு டைகர் மோத் கிடந்தது. மேலும் கீழுமாய் இரட்டை இறக்கை, மரச்சட்டத்தின் மேல் துணி. உலக யுத்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பட்டாளத்துப் பையன்கள் இந்த வகை விமானத்தில்தான் பறக்கப் பழகினார்களாம். அதற்குப் புது உறை வேண்டும். துணி இங்கிலாந்திலிருந்து வந்தது. கெட்டால் வேறு கிடையாது.

பத்து நாள் குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். மாட்டிப் பார்த்தால், மாமனார் சட்டையைப் போட்ட மருமகன் கணக்காய் உறை தொளதொளத்தது. பழக்கதோஷம்! கை தன்னால் ஒரு விரல் கூட விட்டிருந்தது.

"மே மொகத, என்ன இது சுப்பம்மா? அறுபது வயசு பிளேன் இனியுமா வளரப் போவுது?" என்று துரை சிரித்தார். அவளுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

விமானத்தைச் செப்பனிட வந்திருந்த மெக்கானிக் அப்துல் ரஸாக் மட்டும் பதறவில்லை. டோப் என்கிற வார்னிசை எடுத்துத் துணியின் மேல் பூசினார். அது காயக் காய துணி சுருங்கியது. மறுநாள் தட்டினால் தப்பு மேளம் மாதிரி அதிர்ந்தது. "இறுக்கித் தெச்சிருந்தா சட்டமே ஒடஞ்சிரிக்கும்," என்றார்.

ஆனாலும் பறந்து பார்க்காமல் யார் நம்புவது? லொறியில் இரத்மலானை விமான நிலையத்துக்குப் போன விமானத்தில் துரையோடு ஏற ஒருவரும் முன்வரவில்லை. புருஷன் இராமையா கையைப் பிடித்து இழுத்தும் சுப்பம்மா கேட்கவில்லை. "நான் தச்சத நானே நம்பலேன்னா ஊரு எப்படிங்க நம்பும்?"

துரை பின்னிருக்கையில் ஏறினார். அது அந்தக் காலத்தில் படிக்கிறவன் இடம்; முன்னிருக்கை வாத்தியாருடையது. சுப்பம்மா முன்னால் உட்கார்ந்தாள். பேசுகிற குழாய் வழியே துரையின் குரல் கொஞ்சம் நடுங்கி வந்தது.

"போகலாமா, சுப்பம்மா?"

இத்தனை வயது வரை துரைமாரிடம் உத்தரவு கேட்டே பழகியவள் அவள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"போங்க தொரே. பயப்படாதீங்க. தையல் என்னோடது."

கால்மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கியபோது ஒரு நூல்கூடப் பிரியவில்லை. துரைக்குத்தான் சட்டையெல்லாம் வியர்வை.