சாவிகளை எடைக்குப் போட்டேன்

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ராயபுரத்தில் குடியிருந்தோம். துறைமுகத்தில் கிரேன்களுக்கு எண்ணெய் போடுவது என் வேலை.

அவளுக்குக் காக்கா வலிப்பு. குழந்தைகளே, உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பேசிக்கொண்டே இருப்பாள், பாதிப் பேச்சில் கண் மேலே செருகிவிடும். விழுவாள். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். ஓய்ந்த பிறகு, "நைனா, நான் மறுபடியும் வுயுந்துட்டேனா?" என்று கேட்பாள்.

இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினோம். நான் ஒரு பெரிய பூட்டுச் சாவியை அரைஞாணில் கட்டியிருந்தேன். அவள் விழுந்தால் அதை அவள் கைக்குள் திணிப்பேன். வலிப்பு தானாக ஓயும். சாவிதான் நிறுத்தியது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அடுப்பின் மேலேயே விழுந்தாள். கை வெந்துபோயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இது ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியலைப்பா" என்றார் அவர். "மூளையில ஓடுற மின்சாரத்தைக் காகிதத்துல எழுதிக் காட்டுற மிஷின் ஒண்ணு இருக்கு. அது வந்தா ஆராய்ச்சி பண்ணலாம். அதுக்குத்தான் நன்கொடை சேர்க்கிறோம்."

"அது வந்தா எம் பொண்ணுக்கு சரியாயிடுமா, ஐயா?"

"சொல்ல முடியாது. இவளுக்கு அப்புறம் வர்ற புள்ளைங்களுக்கு ஆகலாம்."

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சம்பள நாளன்று துறைமுக வாசலில் தகர டப்பாவோடு நின்றேன்.

"இன்னாபா, கோயிலுக்கா?" என்றார் கூட வேலை செய்பவர் ஒருவர்.

"இல்லபா. வலிப்பு ஏன் வருதுன்னு கண்டுபுடிக்க."

"மருந்துக்குன்னு கேளு, தரேன். கண்டுபுடிக்கவா? டாக்டரு அப்ப இன்னாத்த படிச்சிட்டு வந்தாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பையிலிருந்து துருப்பிடித்த போல்ட் ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டார். "இந்தா, இரும்பு. பொண்ணு கைல குடு, எல்லாம் நின்னுடும்."

அவமானமாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது ஒன்று தோன்றியது. காசு தராதவர்கள் இரும்பு தருவார்களே! பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாமே!

மறுநாளிலிருந்து சாக்கோடு வீடு வீடாகப் போனேன். உடைந்த கீல், ஓட்டை வாணலி என்று கிடைத்தது. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டார். இடுப்பிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்தார்.

"எம் புள்ளைக்கு வச்சிருந்தது, அண்ணாத்தே. ரெண்டு வருசமா கைல குடுத்துகினு கீறேன். ஒண்ணும் நிக்கல. வெளிய சொல்லிடாத."

அவருடைய மகனை நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு இன்னும் மூன்று வீடுகளில் சாவி வந்தது. மூன்றும் எனக்குப் பல வருஷம் பழகிய வீடுகள். அங்கெல்லாம் ஒரு பிள்ளை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவர்கள் சாவியை வாங்கிவிட்டு என்னுடையதை எப்படி வைத்துக்கொள்வது? அதையும் அவிழ்த்துப் போட்டேன்.

கடைக்கார பாய் தராசில் கொட்டிப் பார்த்தார். "இத்தினி சாவி கீதே, பூட்டெல்லாம் எங்கபா?"

"அதத்தான் டாக்டருங்க தேடிகினு கீறாங்க, பாய்."

கிடைத்த காசை டாக்டரிடம் கொடுத்தேன். அந்த மிஷினின் ஒரு திருகாணிக்காவது காணுமோ என்னவோ.

அன்று மாலையே குழாயடியில் அவள் விழுந்தாள். "இரும்பு! இரும்பு!" என்று எல்லோரும் கத்தினார்கள். என் கை இடுப்புக்குப் போய் வெறுமனே துழாவியது. சாவியால் நிற்காது என்று தெரிந்தும் துழாவியது. டாக்டர் சொன்னபடி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்கு என் துண்டை மடித்து வைத்தேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். இரும்பு தேடி ஓடாதீர்கள். வலிப்பு, எப்போதும் ஓய்கிற நேரத்தில்தான் ஓய்ந்தது.

கண் விழித்ததும் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "சாவி எங்க, நைனா?"

"குடுத்துட்டேம்மா. உனக்கு அப்புறம் வர்ற புள்ளைங்களுக்கு."

"அப்ப எனக்கு?"

நான் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.