அலையாத்திக் காட்டுக்குப் போக ஒரு கையெழுத்து

மேட்டூர் அணையை மூட இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. மூடிவிட்டால் கோரையாற்றில் தண்ணீர் வற்றி எங்கள் தெப்பம் மணலில் உட்கார்ந்துவிடும். தெப்பம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நாலு லாரி ட்யூபின் மேல் மூங்கிலைப் பரப்பி நானும் என் நண்பனும் கட்டியது. அதில் ஆற்றோடு போய், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து, இரண்டு நாள் சுற்றிவிட்டு வரவேண்டும். காலேஜில் கடைசி வருஷம். இந்தப் பொங்கல் லீவை விட்டால் இனி இருவரும் சேர்ந்து எங்கே போகப்போகிறோம்?

காடு பாதுகாக்கப்பட்டது. சொந்தப் படகு எதுவும் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் உள்ளே போகமுடியாது. ரேஞ்சரிடம் போய் நின்றேன்.

"அரசாங்கப் படகுல பாத்துட்டு வரவேண்டியதுதானே தம்பி?"

"சொந்தமாப் போகணும் சார்."

"சொந்தமாச் சாகணும்னு சொல்லுங்க" என்று சிரித்தார். ஆனாலும் வேண்டியதையெல்லாம் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம். இருபத்தோரு வயது ஆகாததால் இரண்டு பேருடைய அப்பாக்களின் சம்மதக் கடிதம். அப்புறம், எங்கள் ஊரில் பட்டா உள்ள ஒருவரின் ஜாமீன்.

பட்டா உள்ளவர் என்றால் என் பெரியப்பாதான். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. என் நண்பனின் அப்பா அதில் ஒன்பது மாவை, அதாவது மூன்று ஏக்கரைப் பல வருஷமாகக் குத்தகைக்கு உழுதுவந்தார். புது ஆட்சி கொண்டுவந்த சட்டப்படி தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிய மனுப் போட்டிருந்தார். பெயர் பதிவாகிவிட்டால் பெரியப்பா நினைத்தபடி அவரை வெளியேற்ற முடியாது. விசாரணை அடுத்த வியாழக்கிழமை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை. ஆறுதான் ஏறியிருந்தது.

நண்பன் தெப்பத்துக்குக் கயிறு வாங்க மன்னார்குடி போயிருந்தான். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அவன் அப்பா அறுப்புக்கு முன்னால் வயலை வடிய வைத்துக்கொண்டிருந்தார். அவனைப்போல நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன். பெரியப்பாவுக்கு அது பிடிக்காது.

"கடுதாசி எங்க தம்பி?"

"டைப் அடிச்சிக்கிறேம்ப்பா. கீழ கையெழுத்து மட்டும் போடுங்க."

கையால் எழுதினாலே போதும். ஆனால் என் ஃபைல் ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கவேண்டுமாம்! அவர் வாய்க்காலில் கையைக் கழுவி, துண்டில் துடைத்து, என் முதுகைத் திருப்பச் சொல்லி, அதன்மேல் தாளை வைத்து வெறுந்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷத்தில் எங்கள் பக்கத்தில் எந்தக் குத்தகைக்காரரும் வெறுந்தாளில் கையெழுத்துப் போடமாட்டார். எனக்குப் போட்டார்.

டைப் இன்ஸ்டிட்யூட் மூடியிருந்தது. நேரத்தை வீணாக்குவானேன் என்று, ஜாமீனுக்காக ஃபைலை அப்படியே பெரியப்பாவிடம் கொடுத்தேன். மறுநாள் காலை கையெழுத்தோடு திரும்பி வந்தது. "போய்ட்டு வாடா, பத்திரம்" என்றார். அவ்வளவு அன்பாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. கடிதத்தை ரேஞ்சர் ஆபீஸ் மிஷினிலேயே டைப் அடித்துக்கொள்ளலாம் என்று ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் எடுத்துப் போனேன்.

ரேஞ்சர்தான் தாள்களை எண்ணினார். "உங்க ஃப்ரெண்டோட அப்பா கடிதம் எங்க?"

இப்போது எழுதவே கூசுகிறது. முதலில் எனக்கு வந்த கவலை பர்மிட்டைப் பற்றியதுதான். பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் அந்த வெறுந்தாளும் வியாழக்கிழமையும் ஒன்றாக ஞாபகம் வந்தன.

பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெறுந்தாளா? குப்பைன்னு நெனச்சேன்டா."

"அப்ப குப்பையிலேர்ந்து எடுத்துக் குடுங்க."

"என்னைப் பெரியப்பாங்குற, அவனை அப்பாங்குற. அப்ப அவன் எனக்குத் தம்பி முறை. தம்பி நிலத்தை அண்ணன் பாத்துக்கக் கூடாதா?" என்று சொல்லி ரசம் கேட்டார்.

காலில் விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன். எச்சில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காலை நகர்த்திக்கொண்டார்.

நண்பன் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவன் கையில் புதுக் கயிறு இருந்தது. அவன் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"கையெழுத்தைக் கீழதானே போட்டேன்?"

"ஆமாம்ப்பா."

"மேல நெறைய எடம் இருக்குமே தம்பி."

"படிக்கிறவன்தானேடா நீ!" என்றான் நண்பன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை குத்தகைப் பதிவு அதிகாரி முன்னால் பெரியப்பாவின் காரியஸ்தர் அந்தத் தாளை நீட்டினார். நிலத்தை மனசாரத் திருப்பி ஒப்படைத்துவிட்டதாக அழகாக டைப் அடித்திருந்தது. தேதி போன ஆடி மாதத்தில் போட்டிருந்தது. நண்பனின் அப்பா "கையெழுத்து என்னுதுதாங்க, எழுதினது என்னுது இல்லீங்க" என்றார். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் நாலு பேர் சொல்வதுதானே.

ஆபீஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் கையை என் சொந்த அப்பா பிடித்தார். "உள்ள போயி வாயைத் தொறந்தே, வீட்டுப் பக்கம் வராதே." பிடி இறுக்கமாக இருந்தது. முகத்தில் கோபமில்லை, பயம்தான். நாங்களும் பெரியப்பா தயவில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

"நீ யாரு?"

"நிலத்துக்காரரோட தம்பி மகன் சார். அந்தக் கையெழுத்தை வாங்குனது நான்தான். போன ஆடியில இல்ல, போன சனிக்கிழமை."

ரேஞ்சர் எழுதிக் கொடுத்த துண்டுத்தாளையும், கடிதம் இல்லை என்று அவர் திருப்பித் தந்த விண்ணப்பத்தையும் மேசையில் வைத்தேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். "தெப்பமா?" என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் குத்திக்கொண்டு, "மாசி கடைசியில பாக்கலாம்" என்று தள்ளிவைத்துவிட்டார். நம்பினாரா இல்லையா, அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

வெளியே நண்பன் என்னைத் தாண்டி நடந்தான். அவன் அப்பா மட்டும் நின்றார்.

"மாசின்னா அதுக்குள்ள அறுத்துடலாம் தம்பி. இந்தப் போகம் நம்மளுதுதான்."

"அதுக்கப்புறம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊருக்குப் போகும் பஸ் வந்தது. அவர்கள் ஏறிக்கொண்டார்கள். நான் ஏறவில்லை. ஏறி எந்த வீட்டில் போய் இறங்குவது?