டிரம்பெட்காரருக்குக் கடுக்கன்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசைக்கு ஒரு வாசனை உண்டு. பாதி சமையலறை, பாதி மருந்துக்கடை. செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்கட்டே அப்பாவின் படச்சட்டக் கடையாக இருந்ததால் அந்த வாசனையில்தான் கண் விழித்தேன், அதைச் சுமந்துகொண்டேதான் பள்ளிக்கூடமும் போனேன். சட்டம் அடிப்பது அப்பா. கண்ணாடிக்குள் போகுமுன் சாமி படங்களுக்கு அசல் ஜரிகையில் சேலை உடுத்தி, மின்னும் 'சம்கி' வில்லைகள் ஒட்டி, முத்து வைப்பது அப்பாவின் அக்கா பாவாயி அத்தை. "ஆள் பாதி, ஆடை பாதி, சாமிக்கு மட்டும் வேறயா?" என்பாள். சேலத்தில் பாதி வீடுகளில் அத்தை உடுத்திவிட்ட லட்சுமிதான் தொங்கினாள். சட்டத்தின் முதுகில் ஒட்டும் சீட்டில் மட்டும் அப்பாவின் பேர் இருந்தது.

யுத்தத்துக்கு முந்தின ஒரு கோடையில், ஏற்காட்டுக் காப்பித்தோட்டத் துரை ஒருவர் தம் பட்லரிடம் ஆறு புகைப்படங்களைக் கொடுத்தனுப்பினார். அமெரிக்காவில் 'ஜாஸ்' என்று ஒரு கச்சேரியாம். அதில் ஊதுகிறவர்கள், தட்டுகிறவர்கள் படங்களைச் சேர்த்து வைப்பதில் துரைக்குப் பித்தாம். வேலை பிடித்துப்போனால் மலைமேல் உள்ள எல்லா பங்களாக்களின் படங்களுக்கும் சட்டம் போடும் வேலை உங்களுக்கே என்று பட்லர் சொல்லிவிட்டுப் போக, அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தேக்கு வாங்க ஓமலூர் புறப்படும்போது, "அக்கா, உன்னையக் கும்பிட்டுக் கேக்கறேன், இதுல மட்டும் கை வெச்சுராதே" என்றார். "நானேன் வெக்கறேன்?" என்றாள் அத்தை.

வைத்தாள். மேலாக இருந்த படத்தில் உருண்டைக் கன்னத்தோடு ஒரு கறுத்த மனிதர் கண்ணை மூடி டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார். "நம்ம தேருக்கு வர்ற நாயனக்காரராட்டமே இருக்காரு பாரு சாமி. இத்தனை தம் கட்டி ஊதறவருக்கு ஒரு மாலையில்ல, ஒரு மெடலில்ல. அந்தூர்ல மரியாதையே தெரியாதாட்ட இருக்குது" என்று அத்தை என்னிடம் அங்கலாய்த்தாள். போதாக்குறைக்கு அவர் மார்பின் குறுக்கே யாரோ மையால் கிறுக்கியிருந்தார்கள். ஏதோ பொடுசின் வேலை என்று அத்தை தீர்மானித்தாள். உச்சி வெயில் ஏறுவதற்குள் அவருக்குக் காதில் கடுக்கன், நெற்றியில் சந்தனப் பொட்டு, கோட்டில் மூன்று மெடல்கள், கிறுக்கலை மறைத்து ஒரு ஜரிகை மாலை எல்லாம் வந்துவிட்டன. சம்கிக் கிண்ணத்தைப் பிடித்திருந்தது நான்தான் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பிவந்த அப்பா தேக்குப் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டார். ஈரத்துணியால் மாலையைப் பெயர்க்கப் பார்த்தார். மாலையோடு கோட்டும் உரிந்து வந்ததால் நிறுத்தினார். மறுநாள் காலை, வேலையைப் பார்க்கத் துரையே காரில் வந்து இறங்கினார்.

அவர் பார்வை நேரே மார்புக்குத்தான் போனது. அங்கே இருந்தது கிறுக்கல் இல்லை, ஊதுகிறவரே போட்ட கையெழுத்து, கடிதம் மேல் கடிதம் எழுதிக் கப்பலில் தருவித்தது என்று பட்லர் சொன்னான். செய்தது யார் என்று துரை கேட்டார். பொய்யே சொல்லத் தெரியாத அப்பா, "நானுங்க தொரை" என்றார்.

"இல்லீங்க தொரை" என்று அத்தை உள்ளேயிருந்து வந்தாள். "எந்தம்பிக்கு ஒரு சம்கி நேரா ஒட்டத் தெரியாதுங்க. நாந்தானுங்க செஞ்சேன். கிறுக்கலோட அந்த மனுசனைச் செவுத்துல மாட்டுனா அவருக்குத்தானுங்க அவமானம்?"

பட்லர் இதில் எவ்வளவை மொழிபெயர்த்தானோ தெரியாது. துரை பேனாவை எடுத்து நீட்டினார். ஊதுகிறவரின் கையெழுத்தை மறைத்தவள், அதற்குப் பதில் தன் கையெழுத்தைப் போடட்டும் என்றார்.

அது போலீசுக்குப் போகும் வாக்குமூலம் என்றே அப்பா நினைத்துவிட்டார். "போடாத அக்கா, செயிலுக்குப் போயிருவே!" என்று கத்தினார். "நாஞ் செஞ்ச வேலைக்கு எம்பேரப் போட எனக்கென்னடா பயம்?" என்றாள் அத்தை.

ஆனால் எழுதத் தெரியாதே. நான் சிலேட்டில் அவள் பேரை எழுதிக் காட்டினேன். கோலம் பார்ப்பதுபோல் பார்த்தாள். பேனாவைத் தொடாமல் பசைத் தூரிகையை எடுத்து, மாலைக்குப் பக்கத்தில் மூன்று எழுத்தையும் வரைந்து, மேலே தங்கப் பொடியைத் தூவினாள். ஒரு லட்சுமிக்கு ஆகும் நேரம் அதற்கு ஆயிற்று. அன்று அத்தையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, ஏனென்று அப்போது தெரியவில்லை.

துரை பொடியை ஊதிவிட்டு வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, படத்தை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு ஒரு மாதம் காக்கிச்சட்டையைக் கண்டாலே அப்பா கொல்லைக்கு ஓடுவார். போலீசும் வரவில்லை, பங்களா வேலையும் வரவில்லை.

இப்போது லட்சுமி ஜரிகையை அச்சிலேயே உடுத்திக்கொண்டு பிளாஸ்டிக் சட்டத்தில் வருகிறாள். கடையும் இல்லை, அத்தையும் இல்லை. அவள் பேர் எந்தப் பலகையிலும் ஏறவேயில்லை. துரையோடு சீமைக்குப் போன அந்தப் படம் எத்தனை கை மாறியதோ, எந்தச் சுவரில் தொங்குகிறதோ. அதைப் பெருவிலை கொடுத்து வாங்கிய யாரோ ஒருவர், மாலைக்குப் பக்கத்தில் மின்னும் மூன்று எழுத்தைக் காட்டி, இது அந்த மகா கலைஞர் தம் கையாலேயே போட்ட கையெழுத்து என்று விருந்தாளிகளிடம் இந்நேரம் சத்தியம் செய்துகொண்டிருப்பார்.