ஒரே மாவு, எந்த அச்சு?

கோட்டுச்சேரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா போட்ட முதல் கட்டளை இதுதான்: "அந்த நூல் சமாச்சாரத்தை மட்டும் எடுத்துடாதடீ." நூல் சமாச்சாரம் என்றால் நான் ஆராய்ச்சி செய்யும் இழைக் கோட்பாடு, ஸ்ட்ரிங் தியரி. "பிசிக்ஸ் படிக்கிறேன்னு சொல்லு, போதும். மேல கேட்டா சிரி." எனக்கு வேண்டிய நேரத்தில் சிரிப்பு வராது என்பது எங்கள் ஊர் அம்பகரத்தூர் முழுக்கத் தெரிந்த விஷயம்.

கல்யாணத்துக்கு நான் எதிரி இல்லை. படிப்பை விடச் சொல்லாத வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் எல்லா வீட்டிலும் "தாராளமா படிக்கட்டும்" என்பார்கள். தாலி ஏறிய பிறகுதான் தாராளம் எவ்வளவு என்று தெரியும்.

எங்கள் பக்கத்தில், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கும் பலகாரம் பெண் கையால் செய்ததாக இருக்க வேண்டும். இருக்கிறதோ இல்லையோ, அப்படிச் சொல்லியாக வேண்டும். அப்பா காலையிலேயே காரைக்காலுக்குப் போய் முறுக்கு, ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி எல்லாம் வாங்கி வந்துவிட்டார். அம்மா கடைப் பெட்டியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்து உட்கார்ந்ததும், "எல்லாம் இவ கைப்பக்குவம்தாங்க" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "என்னம்மா ஆராய்ச்சி பண்ற?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைச் சிரிக்கச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினாள். முயன்று பார்த்தேன். பல் வலி வந்தவளைப் போல இருந்திருக்கும்.

"சும்மா சொல்லு. புரியாட்டி கேட்டுக்கறேன்" என்றார் அவர்.

போதாதா? பிடித்துக்கொண்டேன். "உலகத்துல எதை எடுத்து உடைச்சாலும் கடைசில துளித்துளியா இழைதாங்க இருக்கும்னு ஒரு கணக்கு. கண்ணுக்குத் தெரியாது, எந்தக் கருவிக்கும் இதுவரைக்கும் சிக்கல. எல்லாம் ஒரே இழைதான். ஒரு மாதிரி அதிர்ந்தா எலக்ட்ரான், வேற மாதிரி அதிர்ந்தா வெளிச்சம்." தட்டைக் காட்டினேன். "இப்ப இதையே பாருங்க. ஒரே மாவுதான். குழல்ல அச்சை மாத்திப் போட்டா இது முறுக்கு, இது ரிப்பன், இது ஓமப்பொடி."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரே மாவா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மெதுவாக. "முறுக்குக்கு அரிசி மாவு. ஓமப்பொடிக்குக் கடலை மாவுல்ல? நீயேதான சுட்ட?"

அம்மா சட்டென்று எழுந்து காபி கொண்டுவர ஓடிவிட்டாள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. "கடையில வேற வேற மாவா இருக்கலாங்க. உலகத்துக்கு ஒரே மாவுதான்." கடை என்று என் வாயாலேயே வந்துவிட்டதை அப்புறம்தான் கவனித்தேன். அப்பா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

காபி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, ஏதோ பத்துப் பரிமாணம் என்கிறார்களே, அது என்ன என்று கேட்டார். நீளம், அகலம், உயரம், அதோடு காலம். இந்த நாலு போக இன்னும் ஆறு இருக்கிறது என்றேன். மூலையில் சுருட்டிச் சாய்த்திருந்த கோரைப்பாயைக் காட்டினேன். "தூரத்துலேர்ந்து பாத்தா வெறும் குச்சி. நீளம் மட்டுந்தான் தெரியுது. அகலம் எங்கயும் போகல, உள்ள சுருண்டு கெடக்கு. அந்த ஆறும் அப்படித்தான், ரொம்ப ரொம்பச் சின்னதா."

"எங்க கெடக்கு?"

"எல்லா எடத்துலயும். உங்க காபி டம்ளர்லயும்."

அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா மட்டும் முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப அந்த அச்சு எது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சுருண்டு கெடக்கற அந்த ஆறோட வடிவந்தாங்க அச்சு. அதைப் பொறுத்துதான் இழை அதிரும்."

"எந்த வடிவம்?"

"எண்ணி மாளாத வடிவம் இருக்குங்க. நம்ம உலகம் எதுல பிழிஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"அடி ஆத்தீ" என்றார். போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். கார் தெரு திரும்பும் வரை பொறுத்திருந்த அம்மா, அதற்குப் பிறகு என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து என் கைப்பேசிக்கே அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான். தரகரிடம் எண் வாங்கினாராம். "நாந்தாம்மா, கோட்டுச்சேரிலேர்ந்து. எங்க வீட்டுல எல்லாருக்கும் உன்னைப் புடிச்சிருக்கு. நாந்தான் வேணாம்னுட்டேன்."

சுர்ரென்று ஏறியது எனக்கு. "ஏங்க, கடைப் பலகாரம்னா?"

"சீ, அது கெடக்கு. அன்னிக்குக் கார்ல போவயிலயே இவங்க ரெண்டு பேரும் சொன்னாங்க, ஒரு புள்ள பொறந்தா படிப்பைத் தானா விட்டுடுவான்னு." அவரே தொடர்ந்தார். "நான் கணக்கு பி.எஸ்ஸி.ம்மா. ரெண்டாவது வருஷத்துல கல்யாணம். அப்புறமா படிச்சுக்கலாம்னுதான் எனக்கும் சொன்னாங்க. நீ தேடு."

வைத்துவிட்டார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா, "என்னடீ, வேணாங்கறாங்களா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவு திட்டியவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "போனா போறான் விடுடீ, அவனுக்கு முன்னாடி மண்டையில முடியே இல்ல" என்றாள்.