சர்க்கரையை அடக்கியவர்

சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் சுந்தரேசனுக்கு யாரும் இடம் பிடித்து வைக்க வேண்டியதில்லை. அவர் வாயைத் திறந்தால் பக்கத்து மேசைகள் தானாகக் காலியாகிவிடும் என்று அவர் மனைவி லீலா நினைத்துக்கொள்வாள்.

கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சர்க்கரை வியாதியைத் தான் அடக்கிவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கிய விதம் லீலாவுக்குத் தெரியும். கிளினிக்குக்குப் போவதற்கு முன் சில நாள் வெறும் கஞ்சி. விரலில் குத்திப் பார்த்தால் எண் அழகாக வரும். அன்று மதியமே இனிப்பான தே தாரிக் பால் தேநீரும் பரோட்டாவும். மூன்று மாதக் கணக்கைக் காட்டும் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பார். மாத்திரை சாப்பிடுகிறவர்களெல்லாம் அவர் கண்ணுக்குக் கோழைகள்.

"பாகற்காய் ஜூஸ் குடி பாய், மாத்திரைய தூக்கிப் போடு லா" என்று நண்பர் முகமது யூசுப்பிடம் சொல்வார். யூசுப்பும் சர்க்கரைக்காரர்; பாவம், கேட்டு மாத்திரையை நிறுத்தியும் தொலைத்தார்.

அவர் கோயிலில் தீமிதித்த வருஷம் அந்தப் பெருமை இன்னும் வளர்ந்தது. "எனக்குச் சூடே தெரியல. அம்மா அருள்!" என்று அவர்கள் குடியிருந்த செங்காங் அடுக்குமாடி லிஃப்டில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். லீலா பஸ் ஓட்டுநர். ஹாரன் அடித்தே பெரிய ஆளாகிவிடப் பார்க்கிறவர்களைச் சாலையில் தினமும் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தாலும் அதே ஹாரன்தான்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு கெட்ட வாடை வந்தது. அவர் படுக்கும்போதும் காலுறையைக் கழற்றவில்லை. "ஏசி குளிருது" என்றார். ஏசி ஓடவே இல்லை. குளிர் நடுக்கம் வந்து பல் கிடுகிடுத்த பிறகுதான் அவரைக் கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் வர்ஷா இளவயதுக்காரி. ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்ததும் கூப்பிட்டாள்.

"அங்கிள், ரத்தத்துல அழற்சியக் காட்டுற சிஆர்பி ரொம்ப ஏறியிருக்கு. வெள்ளை அணுவுல நியூட்ரோஃபில் கூடி, லிம்ஃபோசைட் குறைஞ்சிருக்கு. உடம்புல எங்கயோ அழற்சி இருக்கு. எங்கன்னு ரத்தம் மட்டும் சொல்லாது. புண் ஏதாச்சும் இருக்கா?"

"புண்ணா? எனக்கா? நான் தீ மிதிச்சவன்மா! உங்க மெஷின்ல கோளாறு."

"காலக் காட்டுங்க அங்கிள்."

"ரத்தம் பாக்க வந்தவன்கிட்ட காலக் கேக்கறியே, நீ என்ன படிச்ச?"

"கழட்டுங்க" என்றாள் லீலா.

அவள் இப்படி ஒற்றைச் சொல்லில் அவரிடம் பேசியதில்லை. அவர் குனிந்தார். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. புதுச் செருப்பு கடித்த இடம், சுண்டுவிரல் கறுத்துப்போய், பக்கத்து விரல் வரை சீழ். வர்ஷா மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"நரம்பு போயிருச்சு அங்கிள். அதான் புண்ணும் வலிக்கல, சூடும் தெரியல."

சுந்தரேசனின் முகம் தொங்கிப்போனது. தனக்கு இரக்கம் வரும் என்று லீலாவே எதிர்பார்த்தாள். வரவில்லை. இத்தனை காலம் இந்த வாய்க்கு மரியாதை கொடுத்து வாழ்ந்தோமே என்ற அருவருப்புதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சிறுநீரகமும் கொஞ்சம் பழுதாகியிருப்பதாகச் சொன்னார்கள். காய்ச்சலும் சிஆர்பியும் இறங்கின. அவர் குரல் மட்டும் இறங்கவில்லை.

தடித்த காலணியோடு தேக்காவுக்குத் திரும்பிய அன்றே ஆரம்பித்துவிட்டார். "அழற்சின்னு ஒண்ணு இருக்கு பாய். அந்தச் சின்னப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியல. நான்தான் காலப் பாருன்னேன்."

லீலா கேட்டுக்கொண்டே தே குடித்தாள். ஊதிய பலூனோடு யார் வழக்காடுவது?

யூசுப் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எனக்கும் கால் மரத்துப் போகுது சுந்தர். டாக்டர பாக்கணுமா?"

"அதெல்லாம் வேணாம். பாகற்காயோட கொஞ்சம் வெந்தயம் சேத்து..."

லீலா எழுந்தாள். "பாய், வாங்க. உங்கள நான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நான் பேசிட்டிருக்கேன் லீலா!"

"பேசுங்க. கேக்கத்தான் இனிமே ஆள் இல்ல."

யூசுப் எழுந்து அவள் பின்னால் நடந்தார். கிளினிக்கில் அவருக்கு மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள், பாதத்தையும் சோதித்தார்கள். நரம்பு தளர ஆரம்பித்திருந்தது, புண் இல்லை. விரல்கள் பத்தும் இருந்தன. திரும்பும் வழியில் அவர் லீலாவுக்கு நன்றி சொன்னார். "நன்றி எல்லாம் வேணாம் பாய், மாத்திரைய விடாதீங்க" என்றாள் அவள்.