வெண்டி கொடுத்த டீ

வெண்டி ஃபாரோவுக்கு நாற்பது தாண்டிய பிறகு திடீரென்று படிப்பாசை வந்துவிட்டதாக, இங்கிலாந்தின் கடலோர ஊரான மார்ல்ஸ்பியில் சிலர் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. ஆசை பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்தே இருந்தது. வெளியே சொல்லத்தான் வெட்கம். கணக்கில் தோற்றுப்போய், துறைமுகத்து மீன் ஆலையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்ற பெண், நான் நர்ஸாகப் போகிறேன் என்று சொன்னால் இந்த ஊர் சும்மா விடுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். பக்கவாத வார்டில் குளிப்பாட்டினாள், துடைத்தாள், ஊட்டினாள், டீ போட்டாள். டீ போடுவதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. அவளுடைய தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே கிழவர்கள் தலையணையில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம்தான் அந்தப் படிப்பு வந்தது. வேலையை விட வேண்டாம், சம்பளம் உண்டு, வாரத்தில் ஒரு நாள் காலேஜ், மற்ற நாளெல்லாம் வார்டிலேயே பயிற்சி. பட்டம் வாங்கினால் நர்சிங் அசோசியேட். உதவியாளருக்கு மேலே, நர்ஸுக்கு ஒரு படி கீழே. மருந்து கொடுக்கலாம், பெயர் அரசுப் பதிவில் ஏறும். முதலில் கணக்கில் தேறிவிட்டு வா என்றார்கள். அவள் மேலும் இரண்டு முறை தோற்று, ஒருவழியாகத் தேறினாள். அன்று கிளப்பில் அவள் கணவன் க்ளென் எல்லோருக்கும் பீர் வாங்கி ஊற்றிவிட்டு, "எம் பொண்டாட்டி இனிமே படிச்சவ, பாத்துப் பேசுங்கடா" என்று அலட்டிக்கொண்டான். வெண்டி அவன் முழங்கையைக் கிள்ளினாள். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள்.

படிப்பு முடியச் சில வாரங்களே இருந்தபோதுதான் வில்ஃப் டாசன் வார்டுக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் மீன்பிடி இழுவைப் படகில் வடகடல் போய்வந்த மனுஷர். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது, விழுங்கவும் வரவில்லை. விழுங்குவதைச் சோதிக்கிற பெண் வந்து பார்த்துவிட்டு, தண்ணீராக எது கொடுத்தாலும் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும், பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்.

"இது என்ன எழவு, சுவத்துல காகிதம் ஒட்டற பசையா?" என்றார் வில்ஃப். பாதி வாயால் பேசினாலும் அவர் திட்டு மட்டும் தெளிவாக வரும்.

"டீதான் வில்ஃப். கொஞ்சம் கெட்டியா இருக்கு, அவ்வளவுதான்."

"டீ எப்படியிருக்கும்னு எனக்கே சொல்றியா? கடல்ல அதக் குடிச்சுத்தான் உசுரோட கெடந்தேன். நல்ல டீயா ஒரு வாய் குடு கண்ணு."

"மேல எழுதியிருக்கு பாருங்க. குடுத்தா என் தோல உரிச்சிருவாங்க."

"அது படிக்காததுங்களுக்கு எழுதினது. நீ படிச்சவளாச்சே. உனக்குத் தெரியாததா?"

அங்கேதான் கிழவர் அவளைப் பிடித்தார். க்ளென் சொன்னால் அது கிளப்பு அளப்பு. வேற்று மனுஷர் ஒருவர் வெண்டியைப் படித்தவள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. புரையேறினால் எது எங்கே போகும் என்று காலேஜில் படம் போட்டுப் பாடம் படித்தவள்தான் அவள். தெரியாமல் செய்தாள் என்று யாரும் பரிந்து பேச முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது வேறு. எழுதி ஒட்டிய பெண்ணுக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும், நான் எத்தனை பேருக்கு ஊட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று நினைத்தாள். திரையை இழுத்துவிட்டு, வில்ஃபை நிமிர்த்தி உட்காரவைத்து, பொடி கலக்காத டீயைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நடுவில் லேசாக இருமினார். அவள் வாயைத் துடைத்துவிட்டாள். அன்று முழுக்க அவளுக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

மறுநாள் வில்ஃபுக்குக் காய்ச்சல் கொதித்தது. மூச்சில் சளி கொறகொறவென்று கேட்டது. படம் எடுத்துப் பார்த்தால் நெஞ்சில் நிமோனியா. தனி அறைக்கு மாற்றி ஆக்ஸிஜன் வைத்தார்கள். தண்ணியாக ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று சோதித்த பெண் அடித்துச் சொன்னாள். வில்ஃப் யார் பேரையும் சொல்லவில்லை. யார் கொடுத்திருப்பார்கள் என்று தேடியபோது, வில்ஃபின் மனைவி மேவிஸ் தினமும் கொண்டுவரும் ஃப்ளாஸ்க் எல்லோர் நினைவுக்கும் வந்தது. கேண்டீன் டீ வாயில் வைக்க முடியாது என்று அந்த அம்மாள் தனக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவருவார்.

வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் அடெயோலா. லாகோஸிலிருந்து வந்து இந்த ஊரிலேயே முடி நரைத்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். மதிய ஷிஃப்ட் ஊழியர்கள் கூடியபோது சொன்னார்: "மிஸஸ் டாசனத் திட்ட வேண்டாம். புருஷன் கெஞ்சியிருப்பாரு, மனசு கேட்டிருக்காது. கேட்டா இல்லங்கறாங்க, போகட்டும். ஆனா இனிமே அவங்க உள்ள வந்தா பைய வெளியில வெச்சிட்டு வரணும், கூட ஒருத்தர் இருக்கணும். வெண்டி, உங்கிட்டதான் அவங்க நல்லாப் பேசுவாங்க. நீ உக்காந்துக்க."

வெண்டி வாயைத் திறந்தாள். "சரி சிஸ்டர்" என்றுதான் வந்தது.

இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவள் பக்கமும் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்தது, இவள் தகுதியானவள் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அதே சிஸ்டர்தான். அதுவும் அந்த மாதக் கடைசியில். சொன்னால் படிப்பு போகும், திரும்பவும் ஊர் சிரிக்கும். இதில் இன்னொரு கொடுமை உண்டு. தவறு செய்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது பற்றிக் காலேஜில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வெண்டிக்குத்தான். க்ளென் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தான். அன்று வீட்டுக்குப் போனவள் பால் எடுக்கக்கூட அந்தக் கதவைத் திறக்கவில்லை.

மேவிஸ் தினமும் வந்தார். நல்ல கோட்டு, வாரிய தலை. பையை நர்ஸுகள் மேஜையில் கொடுத்துவிட்டு, அறைக்குள் வந்ததும் இரண்டு கையையும் விரித்து வெண்டியிடம் காட்டுவார்.

"பாத்துக்க கண்ணு, எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"அதெல்லாம் காட்ட வேண்டாம் மேவிஸ்."

"இல்லல்ல, நீ பாக்கணும். உனக்கு இட்ட வேல அது. என்னால உனக்கும் தொந்தரவு."

வெண்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. பழி சுமந்தவளுக்குத் திருடியே காவல் உட்கார்ந்த கதையாக இருந்தது. வில்ஃப் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மனைவி எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். காய்ச்சல் அசதி என்று வெண்டி நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் பார்க்கும் நேரம் முடிந்ததும் மேவிஸ் உறவினர் காத்திருக்கும் அறையில் போய் உட்கார்ந்தார். வெண்டி கூடவே போனாள்.

"நாளையிலேருந்து நான் வரல வெண்டி."

"ஏன்?"

"லீட்ஸுல இருந்து பொண்ணு ஃபோன் பண்ணிக் கத்தறா, அப்பாவக் கொல்லப் பாத்தியாம்மாங்கறா. நான் குடுக்கலன்னுதான் சொல்லிட்டிருந்தேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ஃப்ளாஸ்க் மூடிய அவர் பக்கத்துல வெச்சிட்டு எங்கயாவது எழுந்து போனேனோ என்னவோ. வயசாச்சு. என் கைய என்னாலயே நம்ப முடியல."

இதற்கு மேல் வெண்டியால் முடியவில்லை.

"நீங்க இல்ல மேவிஸ். நாந்தான். நாந்தான் டீ குடுத்தேன்."

வெண்டி தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்: திரையை இழுத்தது, கரண்டி, இருமல், அன்றைக்குச் சிஸ்டரிடம் வாயைத் திறக்காதது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. திட்டுவார், அறைந்தாலும் அறைவார், இல்லையென்றால் போகட்டும் விடு என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை.

"அவர் கேட்டாரா?" என்றார் மேவிஸ்.

"கேட்டாரு."

"எங்கிட்டயும்தான் கேட்டாரு. தெனம் கேட்டாரு. கல்யாணமான நாள்லேருந்து அவருக்கு டீ போட்டவ நான். கட்டிலுக்கு மேல இருந்தத நானும் படிச்சேன். மாட்டேன்னு சொன்னேன். நெஞ்சு வெடிச்சுரும் போல இருந்துச்சு, ஆனாலும் மாட்டேன்னேன். கல்நெஞ்சுக்காரின்னாரு. அப்ப திரும்பிப் படுத்தவருதான், இன்னிக்கு வரைக்கும் என் மூஞ்சியப் பாக்கல. நீ நல்லவங்கற பேரு வாங்கிட்ட. நான் கல்லாப் போயிட்டேன்."

இந்தப் பக்கத்தை வெண்டி நினைத்தே பார்க்கவில்லை. காய்ச்சலைக் கொடுத்தது மட்டும்தான் தன் தப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"எங்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது? எழுந்திரு. அவர்கிட்ட வந்து சொல்லு."

இருவரும் அறைக்குப் போனார்கள். வெண்டியின் குரல் கேட்டதும் வில்ஃப் திரும்பினார். ஆக்ஸிஜன் குழாய்க்குக் கீழே பாதி வாய் சிரித்தது. மேவிஸ் அதைப் பார்த்தார். மேவிஸ் பார்த்ததை வெண்டியும் பார்த்தாள், நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"வில்ஃப், அன்னிக்கு நான் டீ குடுத்தது தப்பு. அதனாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு. எனக்கு அது தெரியும், தெரிஞ்சும் குடுத்தேன். மேவிஸ் மாட்டேன்னாங்களே, அதுதான் சரி. உங்க மேல அக்கறை இருந்ததாலதான் அவங்க மாட்டேன்னாங்க."

கிழவர் நல்ல கையால் அவளைக் கிட்டே வரச் சொன்னார்.

"ஒரு வாய் குடேன்" என்றார்.

"இல்ல வில்ஃப்."

"நீ நல்லவளாச்சே."

"இல்ல. குடுக்க மாட்டேன்."

சிரிப்பு போய்விட்டது. அவர் மெதுவாகக் கண்ணை நகர்த்தி மனைவியைப் பார்த்தார். "நீயும் மாட்டியா?"

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேவிஸ் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கதவச் சாத்திட்டுப் போ" என்றார் மேவிஸ், வெண்டியைப் பார்க்காமல்.

சிஸ்டரின் அறைக்கு நடந்தபோது வெண்டிக்குக் காது மடல்கூட எரிந்தது. எதிரே வந்தவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள், அவளால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

சிஸ்டர் அடெயோலா நிமிர்ந்து பார்த்தார். "என்ன வெண்டி, அந்தம்மாவ அவர்கூட தனியா விட்டுட்டு வந்துட்டியா?"

"அவங்களுக்குக் காவல் வேண்டாம் சிஸ்டர்" என்றாள் வெண்டி. "டீ குடுத்தது நான்."